கார்ன்வாலில் குடியேறுபவர்களுக்கு: வீட்டில் ரேடான் சோதனை செய்வது எப்படி?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வாலுக்கு வேலை நிமித்தமாக வரும் தமிழ்க் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ட்ரூரோ, ஃபால்மத், பென்சான்ஸ் என்று வீடு தேடும்போது சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, கூரை உறுதியாக இருக்கிறதா, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் ரேடான் வாயுவைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. கேட்கத் தெரியாததால்தான் கேட்பதில்லை. யாரும் தாமாக முன்வந்து சொல்வதும் இல்லை.

நாங்கள் வாங்கிய வீட்டில், விற்றவர் ரேடான் பற்றிய கேள்விக்கு 'தெரியாது' என்று குறித்திருந்தார். அது எங்கள் பார்வைக்கு வந்தபோது ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. வாடகை வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது, குழந்தைகளின் பள்ளியும் முடிவாகிவிட்டது. அந்த நெருக்கடியில்தான் இந்த நடைமுறையை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் பணச்செலவு பெரிதல்ல, காலம்தான் பெரிது. முறையான சோதனைக்கு மூன்று மாதம் வேண்டும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது சுருங்காது.

1. எந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்?

ரேடான் நிறமோ மணமோ இல்லாத கதிரியக்க வாயு. பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் சிதையும்போது உண்டாகிறது. கார்ன்வாலின் நிலத்தடியில் பெரும் பகுதி கிரானைட் பாறை என்பதால் இங்கே அதிகம். திறந்த வெளியில் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும்; வீட்டுக்குள் தங்கினால் சேரும். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து கூடுகிறது. பிரிட்டனில் ஆண்டுதோறும் 1,100-க்கு மேற்பட்ட நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு ரேடான் காரணமாகிறது என்று அரசின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை (UKHSA) கணித்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்கள் அல்லது முன்பு புகைத்தவர்கள். வீட்டில் யாராவது புகைப்பவராக இருந்தால் கீழே வரும் எண்களை இன்னும் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பதே அளவு. பிரிட்டன் வீடுகளின் சராசரி 20. நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு 200. இலக்கு அளவு 100. உங்கள் வீட்டின் ஆண்டுச் சராசரி 100-க்குக் கீழே இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. 100-க்கும் 200-க்கும் இடையில் என்றால் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும், புகைப்பவர் இருந்தால் கட்டாயம் யோசிக்க வேண்டும். 200 அல்லது அதற்கு மேல் என்றால் குறைத்தே ஆக வேண்டும்.

"கடற்காற்று வீசுகிற வீடு, இங்கே வாயு எப்படித் தங்கும்?" என்று பலர் கேட்பார்கள். வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறிக் கூரை வழியாகவும் ஜன்னல் இடுக்கு வழியாகவும் வெளியேறுகிறது. அதனால் தரைமட்டத்தில் காற்றழுத்தம் சற்றுக் குறைந்து, மண்ணில் உள்ள வாயுவைத் தரையின் விரிசல்கள் வழியாக வீடு தானே உறிஞ்சுகிறது. புகைபோக்கியின் மேல் வீசும் பலத்த காற்று இந்த உறிஞ்சலைக் கூட்டவும் செய்யும். கடல் தெரிகிற ஜன்னலை நம்பி இருந்துவிடாதீர்கள்.

2. முகவரியைச் சோதித்துப் பாருங்கள்

சுகாதாரப் பாதுகாப்பு முகமையின் யூகே ரேடான் இணையதளத்தில் இலவச வரைபடம் இருக்கிறது. நாட்டை ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். நிறம் அடர்த்தியாக ஆக ஆபத்து அதிகம். கார்ன்வாலின் பல சதுரங்கள் மிக அடர்ந்த நிறத்தில் இருக்கும். அங்கே நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் நடவடிக்கை அளவைத் தாண்டக்கூடும் என்று பொருள்.

வரைபடத்தைப் பார்த்துப் பயந்து வீட்டைக் கைவிட வேண்டாம். ஒரு சதுரத்துக்குள் எந்த இடத்தில் ஆபத்து அதிகமோ அந்த நிறத்தையே முழுச் சதுரத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதே சதுரத்தில் உங்கள் மனை குறைந்த ஆபத்துள்ள இடத்தில் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள, அதே தளத்தில் முகவரியைக் கொடுத்துச் சுமார் 4 பவுண்டுக்குத் தனி அறிக்கை வாங்கலாம். உடனே கிடைக்கும். வீடு பிடித்துப்போய் விலை பேசத் தொடங்கும் முன்பே இதை வாங்கிவிடுங்கள். அஞ்சல் குறியீடு இன்னும் வராத புது வீட்டுக்கு இந்தத் தேடல் வேலை செய்யாது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் தனியாக அறிக்கை கேட்க வேண்டும், அதற்குக் கட்டணம் கூடுதல்.

இந்த அறிக்கை சொல்வது வாய்ப்பை மட்டும்தான். வீட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சோதித்தால்தான் தெரியும். பக்கத்து வீட்டின் முடிவும் உங்களுக்கு உதவாது. எங்கள் வீட்டின் அளவு 200-ஐத் தாண்டியிருந்தது. அதே வரிசையில், அதே காலத்தில் கட்டிய அடுத்த வீட்டில் 100-க்கும் கீழே. தரையின் விரிசல், குழாய் நுழையும் ஓட்டை, ஜன்னலைத் திறக்கும் பழக்கம் எல்லாம் வீட்டுக்கு வீடு வேறு.

3. வீடு வாங்குபவர்கள்: எந்தத் தாள்களைக் கேட்க வேண்டும்?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

விற்பவர் நிரப்பிக் கொடுக்கும் சொத்துத் தகவல் படிவத்துக்கு டிஏ6 என்று பெயர். அதில் ரேடான் சோதனை நடந்ததா, முடிவு பரிந்துரைத்த அளவுக்குக் கீழே இருந்ததா, கட்டும்போதோ பிறகோ தடுப்பு வேலை செய்யப்பட்டதா என்ற கேள்விகள் உண்டு. வீடு வாங்கும் சட்ட வேலையைக் கவனிக்கும் உங்கள் சொலிசிட்டர், உள்ளாட்சி மன்றமான கவுன்சிலிடம் எடுக்கும் கான்29 என்ற சொத்து விசாரணைத் தேடலில் அந்த இடம் ரேடான் பாதிப்புப் பகுதியா என்ற கேள்வி தனியாக இருக்கிறது. கார்ன்வாலில் அதற்குப் பெரும்பாலும் 'ஆம்' என்றே பதில் வரும். அந்த 'ஆம்' என்பதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் பயனில்லை.

விற்பவர் 'சோதனை செய்தோம், சரியாக இருந்தது' என்று எழுதியிருந்தால் அந்த வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். முடிவுக் கடிதத்தின் பிரதியையே கேளுங்கள். சோதனை முடிவுகளை முகமை ரகசியமாக வைத்திருக்கிறது. வாங்குபவர் நேராகக் கேட்டால் தராது. கடிதம் விற்பவரிடம்தான் கிடைக்கும். வந்த கடிதத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தேதி, மூன்று மாதச் சோதனையா, அதற்குப் பிறகு வீட்டில் பெரிய கட்டுமான மாற்றம் நடந்ததா. சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தால், மாடி அறை எழுப்பியிருந்தால், ஜன்னல்களை மாற்றிக் காற்றுப் புகாமல் இறுக்கியிருந்தால் பழைய எண்ணை நம்ப முடியாது.

சோதனையே செய்யவில்லை என்றால் மூன்று வழிகள்.

முதல் வழி, விற்பவரே இப்போது சோதனையைத் தொடங்குவது. பேச்சுவார்த்தை, வங்கிக் கடன், தேடல்கள் என்று மூன்று மாதம் எப்படியும் ஓடிவிடும் என்பதால் ஆரம்பத்திலேயே கேட்டால் சாத்தியம்தான். விலை ஒத்துக்கொண்ட அன்றே உங்கள் சொலிசிட்டரிடம் மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, முகமை தரும் பத்து நாள் முன்சோதனை. குறுகிய காலம் என்பதால் அளவு மிகக் குறைவு அல்லது மிக அதிகம் என்றால் மட்டுமே தெளிவாகச் சொல்லும். நடுவில் விழுந்தால் முடிவு சொல்ல முடியாது என்று வரும். மூன்று மாதச் சோதனைக்கே திரும்ப வேண்டும்.

மூன்றாவது, நாங்கள் எடுத்த வழி: விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது. ரேடான் வைப்புத்தொகை என்கிறார்கள். வீட்டில் ரேடானைக் குறைக்க என்ன செலவாகும் என்று மதிப்பிட்டு, அந்தத் தொகையைச் சொலிசிட்டர் தம்மிடம் வைத்துக்கொள்வார். நீங்கள் குடியேறிச் சோதனை செய்கிறீர்கள். 200-ஐத் தாண்டினால் வேலைக்கான செலவு அந்தத் தொகையிலிருந்து, மீதி விற்பவருக்கு. தாண்டவில்லை என்றால் முழுவதும் அவருக்கே. எவ்வளவு, எத்தனை மாதத்துக்குள், வைப்புத்தொகையைவிடச் செலவு கூடினால் யார் பொறுப்பு என்பவை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தொகையைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை, அது பேரம்.

ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் முன் இது முடிந்திருக்க வேண்டும். பரிமாறிய பிறகு வீட்டை வாங்கும் கடமை உங்களுக்கு வந்துவிடுகிறது. விற்பவர் உங்களுக்கு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் சொலிசிட்டர் இந்த வழியைக் கடைசி நேரத்தில்தான் சொன்னார். விற்பவர் தரப்பு இழுத்தடித்தது, குடிபுகும் தேதி தள்ளிப்போனது. முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தால் இது சாதாரண விஷயமாக முடிந்திருக்கும். கடன் தரும் வங்கிக்கு இந்த ஏற்பாட்டைத் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் சொலிசிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புது வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபத்துள்ள பகுதிகளில் கட்டும்போதே தரைக்கு அடியில் வாயு புகாத விரிப்பு போட வேண்டும். ஆபத்து கூடிய பகுதிகளில் பிற்காலத்தில் தேவைப்பட்டால் விசிறி பொருத்துவதற்கான குழியும் சேர்த்தே அமைக்க வேண்டும். விரிப்பு போட்டாகிவிட்டது என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குழாய் பதிக்கும்போது எங்காவது கிழிந்திருந்தால் யாருக்கும் தெரியாது. குடியேறிய முதல் ஆண்டிலேயே சோதித்துவிடுங்கள். உத்தரவாதப் பத்திரத்தில் ரேடான் வேலைக்கு இடம் உண்டா என்பதையும் படித்துப் பாருங்கள்.

4. வாடகைக்குப் போகிறவர்கள்

கையெழுத்திடும் முன் ஏஜென்டிடம் மின்னஞ்சலில் கேளுங்கள்: சோதனை நடந்ததா, முடிவு என்ன, கடிதப் பிரதி கிடைக்குமா. வாய்மொழிப் பதிலுக்கு மதிப்பில்லை. வாடகை வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கதிரியக்கமும் வீட்டு அபாயங்களின் பட்டியலில் இருக்கிறது. அளவு அதிகம் என்று தெரிந்தும் உரிமையாளர் அசையாவிட்டால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம்.

சோதனை நடக்கவில்லை என்றால், குடியிருப்பவரே முகமையிடமிருந்து அளவிகளை வரவழைத்துச் செய்யலாம். முடிவு உங்கள் பெயருக்கு வரும். குறைக்கும் வேலை உரிமையாளருடையது; நீங்களாகத் தரையைத் துளைக்க வேண்டாம். அடுக்குமாடியில் தரைத்தளம், அடித்தளம் இரண்டுக்கும்தான் சோதனை முக்கியம். மேலே போகப் போக மண்ணிலிருந்து தூரம் கூடுகிறது.

சில மாதங்கள் மட்டும் தங்கிவிட்டு வீடு மாறப் போகிறவர்கள் பதற வேண்டாம். ரேடானின் பாதிப்பு பல ஆண்டுகள் சுவாசிப்பதால் வருவது.

5. சோதனையை வரவழைத்து வைப்பது

யூகே ரேடான் தளத்தில் கட்டணம் செலுத்தினால் இரண்டு அளவிகள் அஞ்சலில் வரும். இரண்டு அளவி, ஆய்வகச் செலவு எல்லாம் சேர்த்துச் சுமார் 50 பவுண்டு. செலுத்தும் முன் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு நிறுவனத்திடம் வாங்குவதானால், முகமை அங்கீகரித்த ஆய்வகங்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். வீடு விற்கும்போது சொலிசிட்டர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

அளவி உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பி. மின்சாரம் வேண்டாம், விளக்கு எரியாது, சத்தம் வராது. உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் வில்லை இருக்கிறது. ரேடான் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள்கள் அதில் கண்ணுக்குத் தெரியாத தடங்களைப் பதிக்கும். ஆய்வகத்தில் அதைக் காரக் கரைசலில் ஊறவைத்துத் தடங்களைப் பெரிதாக்கி நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். டப்பியில் ஆபத்தான பொருள் எதுவும் இல்லை. குழந்தை எடுத்தாலும் பயப்பட வேண்டாம். எடுத்து எங்காவது ஒளித்து வைத்துவிடாமல் இருக்க உயரமான அலமாரி நல்லது.

ஒன்றை வரவேற்பறையிலும் மற்றொன்றை நீங்கள் தூங்கும் அறையிலும் வையுங்கள். ஜன்னல் விளிம்பு, ஹீட்டர் பக்கம், வெயில் படும் இடம் வேண்டாம். சமையலறையும் குளியலறையும் கூடாது. வைத்த தேதியைக் கூட வந்த படிவத்தில் அன்றே எழுதுங்கள். அதன் பிறகு அதை மறந்துவிட்டு வழக்கம்போல வாழுங்கள். சோதனைக்காக ஜன்னலை எல்லாம் சாத்தி வைப்பதும் தவறு, எண்ணைக் குறைத்துக் காட்ட எல்லாவற்றையும் திறந்து போடுவதும் தவறு. தாளிக்கும்போது ஜன்னலைத் திறப்பீர்கள் என்றால் இப்போதும் திறங்கள். இரவில் சாத்துவீர்கள் என்றால் சாத்துங்கள். நடுவில் இரண்டு வாரம் ஊருக்குப் போனால் அளவிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

குளிர்காலத்தில்தான் செய்ய வேண்டும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். தேவையில்லை. எந்த மாதத்தில் வைத்தாலும் பருவத்துக்கு ஏற்பத் திருத்தி ஆண்டுச் சராசரியாகவே தருகிறார்கள். இரண்டு அறைகளில் நாம் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டு, படுக்கையறைக்குச் சற்றுக் கூடுதல் எடை கொடுத்து ஒரே எண்ணாகச் சொல்வார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் அளவிகளைத் தாமதிக்காமல் அஞ்சலில் அனுப்புங்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் நாட்களிலும் அவை அளந்துகொண்டேதான் இருக்கும். முடிவு கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். ஆக, தொடக்கத்திலிருந்து கடிதம் வரை நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை ஒப்பந்தத்தில் கெடு எழுதும்போது அதற்கும் மேல் கேட்பது நல்லது.

கடையில் கிடைக்கும் மின்னணு அளவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ரேடான் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒரு புயல் இரவில் காட்டும் எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை முடிந்த பிறகு விசிறி ஓடுகிறதா என்று கண்காணிக்க அது நல்ல கருவி. முதல் சோதனைக்கு டப்பிதான்.

6. எண் 200-ஐத் தாண்டினால்

இதைச் சரிசெய்துவிடலாம். எங்கள் வீட்டிலும் சரியானது.

அதிகம் பலன் தருவது ரேடான் சம்ப். தரைக்கு அடியில் வாளி அளவுக் குழி தோண்டி, அதிலிருந்து குழாய் எடுத்து, சிறு மின்விசிறியால் மண்ணின் காற்றை உறிஞ்சி வீட்டுக்கு வெளியே தள்ளுகிறார்கள். அளவு பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும். கான்கிரீட் தளம் உள்ள வீட்டுக்கு இதுவே ஏற்றது. பெரும்பாலும் வெளிச்சுவரிலிருந்தே துளைத்துவிடுவார்கள், உள்ளே தரையை உடைக்க வேண்டியிராது. செலவு ஆயிரம் பவுண்டை ஒட்டித் தொடங்கும். தடித்த கிரானைட் சுவர் உள்ள பழைய வீடு என்றால் கூடும். வேலை ஓரிரு நாளில் முடிகிறது, ஆனால் ஆள் கிடைக்கச் சில வாரங்கள் ஆகும்.

மரத்தளம் உள்ள வீட்டில் முதலில் வெளிச்சுவரின் அடிப்பகுதியில் காற்றுப் போக வைத்திருக்கும் துளையுள்ள காற்றுச் செங்கல்களைப் பாருங்கள். குளிர் தாங்காமல் யாராவது அவற்றை அடைத்திருப்பார்கள், அல்லது பூச்செடி மேடையும் தோட்டத்தில் போட்ட மரமேடையும் அவற்றை மூடியிருக்கும். திறந்துவிட்டாலே குறையும் வீடுகள் உண்டு. போதாவிட்டால் தளத்துக்கு அடியில் விசிறி வைப்பார்கள். அளவு மிதமாக இருந்தால் மாடிக் கூரைக்குள்ளிருந்து வடிகட்டிய காற்றை வீட்டுக்குள் தள்ளும் கருவி உதவும். அதன் செலவு சம்பைவிடக் குறைவு.

விரிசல்களை மட்டும் அடைப்பதால் தீர்ந்துவிடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஜன்னலைத் திறந்தே வைப்பதும் கார்ன்வால் குளிரில் நடக்கிற காரியம் இல்லை.

ஒப்பந்தக்காரரிடம் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: குழாய் எங்கே வெளியேறும், அது எந்த ஜன்னலுக்கும் அருகில் இல்லையா, விசிறியின் சத்தம் படுக்கையறைக்குக் கேட்குமா, விசிறிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், அளவு குறையாவிட்டால் மீண்டும் வந்து செய்வாரா. வீட்டில் விறகு அடுப்போ திறந்த கணப்போ இருந்தால் விசிறியின் உறிஞ்சலால் புகை உள்ளே திரும்பாமல் இருக்கிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது. செயின்ட் ஐவ்ஸ் போன்ற ஊர்களின் பழைய பகுதிகளில் வெளிச்சுவரில் குழாய் பொருத்தவே அனுமதி வேண்டியிருக்கலாம். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. அதற்கான காத்திருப்பையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. வேலை முடிந்த பிறகு

உடனே மறுபடி மூன்று மாதச் சோதனை. இது இல்லாமல் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதபடி முன்பே பேசிக்கொள்ள முயலுங்கள். வைப்புத்தொகை இருந்தால் இந்த முடிவுக் கடிதத்தைச் சொலிசிட்டர் கேட்பார்.

விசிறி இரவும் பகலும் ஓட வேண்டும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த யாரும் அணைத்துவிடாமல் சுவிட்சின் மேல் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். வீட்டுக்கு வந்து தங்கும் பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள். சில ஆண்டுகளில் விசிறி தேய்ந்து நின்றுபோகும், சத்தமில்லாமல் நிற்கும். மாதம் ஒருமுறை குழாயில் கை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

அறை நீட்டினாலோ, தரையை மாற்றினாலோ, வீட்டை இறுக்கிக் குளிர்காப்பு செய்தாலோ மீண்டும் சோதியுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் கிராமத்து வீடு என்றால் தண்ணீரிலும் ரேடான் இருக்கலாம். தனியார் குடிநீரைச் சோதிக்கும் பொறுப்பு கவுன்சிலிடம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

சோதனைக் கடிதம், ஒப்பந்தக்காரரின் ரசீது, விசிறியின் உத்தரவாதச் சீட்டு, மறுசோதனைக் கடிதம் நான்கையும் வீட்டுப் பத்திரங்களோடு ஒரே கோப்பில் வையுங்கள். நீங்கள் விற்கும் நாளில் டிஏ6 படிவத்தோடு சேர்த்து அவற்றின் பிரதிகளையும் கொடுத்துவிடலாம்.